மூன்று தளக் கட்டடம், பின்னால் குடோன்: நெட் வயரிங் யார் சொல்வதுபோல் போடுவது?

பாமணிக்கரை

வணக்கம். மன்னார்குடியில் கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே எங்கள் உரக்கடை, விதைநெல்லும் உண்டு. முதல் மாடியை ஓர் ஆடிட்டருக்கு வாடகைக்குப் பேசியாயிற்று, எட்டு மேசை போடுவாராம். இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருப்போம். பின்னால் சின்னத் தென்னந்தோப்பு, அதைத் தாண்டி குடோன். கடையிலிருந்து 70 மீட்டர் வரும். கடைக்கு மேல் ரூஃப் போட்டாகிவிட்டது. அடுத்த ரூஃபுக்குச் சென்ட்ரிங் அடிக்கிறார்கள்.

நெட் வயரிங்குக்கு இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் மாடிக்கு ஒரு நெட் சுவிட்ச் (பல நெட் வயர்களை இணைக்கும் பெட்டி) வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடுத்துக்கொண்டே போகலாம், கேட்5இ ரகக் கேபிள் போதும் என்கிறார். இன்னொருவர் அதைவிட உயர்ந்த கேட்6ஏ, அதிலும் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ளதுதான் போடணும் என்று மூன்று மடங்கு தொகை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் எலெக்ட்ரீஷியன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறார். "நெட் வயர்தானே, கரண்ட் பைப்பிலேயே சேர்த்து இழுத்துடலாம் சார்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

குடந்தைக்காரன்

முதலில் எலெக்ட்ரீஷியனை நிறுத்துங்கள். 230 வோல்ட் வயரும் நெட் கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. சிக்னல் கெடும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். இழுக்கும்போது கரண்ட் வயரின் தோல் எங்காவது உரிந்தால் அந்தக் கரண்ட் நேரே பில்லிங் கம்ப்யூட்டருக்கு வரும், அதைத் தொடுகிறவர் கைக்கும் வரும். தனிப் பைப், தனி பாக்ஸ். இரண்டும் பக்கத்தில் இணையாக ஓடவேண்டிய இடத்தில் ஓர் அடி தள்ளிப் போடுங்கள், தாண்டவேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள். போர் மோட்டார் லைன், ஷட்டர் மோட்டார் லைன் பக்கம் போகவே வேண்டாம்.

சும்மா_படிக்கிறவன்

இந்தக் காலத்தில் வயர் எதற்கு சார்? மெஷ் வைஃபை டப்பா மூன்று வாங்கி மாடிக்கொன்று வைத்தால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான், யூடியூப் ஜம்மென்று ஓடுகிறது.

தஞ்சை_ரேக்

தம்பி, யூடியூப் ஓடும். முன்னாலேயே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறது, நடுவில் அரை நிமிஷம் லைன் போனாலும் உங்களுக்குத் தெரியாது. எட்டு பேர் ஒரே கணக்கு ஃபைலைத் திறந்து உட்கார்ந்திருக்கும் ஆபீசில் அந்த அரை நிமிஷம் தெரியும். மெஷ் டப்பாக்களும் தங்களுக்குள் காற்றில்தான் பேசிக்கொள்ளும், நடுவில் இருப்பது கம்பி போட்ட கான்கிரீட். அந்த மூன்று டப்பாவுக்கும் பின்னால் வயர் கொடுத்தால் அதே டப்பா வேறு மாதிரி வேலை செய்யும். கேமராவுக்கு எப்படியும் வயர் வேண்டும், அதற்குக் கரண்டே அந்த வயரில்தான் போகிறது.

பாமணிக்கரை சார், கேபிள் எது என்பதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். கான்கிரீட் போட்டபின் திரும்ப வாங்க முடியாத விஷயம் பைப் ஒன்றுதான். இன்று கேட்6 இழுக்கிறீர்கள், பதினைந்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை அதை உருவிவிட்டு ஃபைபரோ வேறெதுவோ இழுக்கப்போகிறான். பைப் சரியாக இருந்தால் அரை நாள் வேலை. இல்லையென்றால் சுவரை உடைக்கவேண்டும். எனவே காசை முதலில் பைப்பில் போடுங்கள்.

அடுத்தது, தொடுத்துக்கொண்டே போகும் யோசனை வேண்டாம். நடு சுவிட்ச் ஒன்று போனால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் போகும், எது போயிற்று என்று தேட மாடி மாடியாக ஏறணும். ஒவ்வொரு பாயின்டிலிருந்தும் ஒரு கேபிள் நேராக ரேக்குக்கு, அதாவது சுவிட்செல்லாம் வைக்கும் அலமாரிக்கு, வரவேண்டும், நடுவில் ஜாயின்ட் கிடையாது. சுவருக்குள் 90 மீட்டர், இரண்டு பக்கமும் பேட்ச் கார்டு (சாதனத்தில் சொருகும் சின்ன வயர்) சேர்த்து மொத்தம் 100 மீட்டர் என்பது கணக்கு. உங்கள் கட்டடத்துக்குள் அதைத் தொடவே மாட்டீர்கள்.

நீங்கள் சொன்னதை வைத்து எண்ணிப் பார்த்தேன். கடையில் கவுன்டர் இரண்டு, கவுன்டருக்கு இரண்டு பாயின்ட். ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் டப்பா) ஒன்று, கேமரா நாலு. மொத்தம் ஒன்பது. ஆபீசில் எட்டு மேசைக்கு இரண்டிரண்டு, பிரின்டர் ஒன்று, ஆக்சஸ் பாயின்ட் ஒன்று, பதினெட்டு. வீட்டில் ஹாலில் டிவி பக்கம் இரண்டு, படிக்கிற மேசைக்கு இரண்டு, ஆக்சஸ் பாயின்ட் ஒன்று. வெளிச்சுவரில் கேமரா நாலு. ஆக 36 ஓட்டம். சராசரி 25 மீட்டர் வைத்தால் 900 மீட்டர். பெட்டி ஒன்று 305 மீட்டர், மூன்று பெட்டி 915. காகிதத்தில் மூன்று போதும். ஒவ்வொரு பெட்டியின் கடைசியிலும் எட்டு மீட்டர், பத்து மீட்டர் எதற்கும் ஆகாமல் மிஞ்சும், அதனால் நாலு வாங்குங்கள்.

மேசைக்கு ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். அதே பைப், அதே ஆள், அதே பாக்ஸ். இரண்டாவது கேபிளுக்கு ஆகும் கூடுதல் செலவு கேபிள் விலை மட்டும்தான். பிறகு தனியாக ஒன்று இழுக்க வந்தால் வேலைக் கூலியே அதைவிடப் பல மடங்கு.

பாமணிக்கரை

நன்றி சார். மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறது, ரேக்கை அங்கே வைக்கலாமா? பைப் என்ன சைஸ்? எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றுக்கும் 20 எம்எம் என்கிறார்.

குடந்தைக்காரன்

மாடிப்படிக்குக் கீழே உர மூட்டை அடுக்காமல் இருந்துவிடுவீர்களா? :) போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியும் அங்கேதான் வந்து உட்காரும்.

தஞ்சை_ரேக்

அவர் சொல்வது சரி. அதோடு, தரைத்தளமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊர், உரத்தூசி வேறு. யூரியா ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தோடு தூசி செம்பில் படிந்தால் பச்சை பிடித்துவிடும். முதல் மாடி படியேறும் இடத்தில், நிற்கிற உயரத்தில், சுவரில் மாட்டும் ரேக். பாத்ரூம் சுவராக இருக்கக்கூடாது. மேற்கு வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

பைப்: சாதாரண கேட்6 கேபிள் 6 எம்எம் பருமன். பைப்பின் உள் இடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. அப்படிப் பார்த்தால் 20 எம்எம் பைப்பில் மூன்று, 25 எம்எம் பைப்பில் ஐந்து. ஆனால் ஐந்து போகும் பைப்பில் நாலு போட்டு நிறுத்துங்கள், அடுத்து ஒன்று தேவைப்பட்டால் இடம் இருக்கும். மேசைப் பக்கம் போவதற்கு 25. மாடிக்கு மாடி நேராக ஏறும் குழாய்க்கு 50 எம்எம் இரண்டு. ஒன்றில் கேபிள், இன்னொன்று காலியாகக் கிடக்கட்டும். காலிக் குழாய்க்கு எதற்குக் காசு என்று மேஸ்திரி கேட்பார், கேட்கட்டும்.

கொத்தனார்_மகன்

சிவில் பக்கம் இருந்து கொஞ்சம். ரூஃபில் பைப் போடுவதாக இருந்தால் கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் போகணும், சென்ட்ரிங் பலகை மேல் படுக்கவைத்தால் பூச்சில் வெடிப்பு விடும். ஒரே இடத்தில் ஏழெட்டுப் பைப்பைக் கட்டாகக் கட்டி ஓட்டாதீர்கள், ஐந்தங்குல ரூஃபில் அந்த இடம் பலவீனம். விரித்துப் போடுங்கள், பைப்புக்கு நடுவில் ஜல்லி இறங்க இடம் வேண்டும். பீமைக் குறுக்கே துளைத்துப் போவதற்கு முன் இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள், அது நம் இஷ்டத்துக்குச் செய்கிற வேலை இல்லை.

எல்போ வேண்டவே வேண்டாம். கடையில் எல்போ கொடுப்பான், அது தண்ணீர் வேலைக்கு. நீங்கள் லாங் பெண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் திருப்பம் இரண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துவிடணும். மூன்றாவது திருப்பத்தில் கேபிளை இழுக்கும் பையன் இரண்டு காலையும் சுவரில் உதைத்துக்கொண்டு இழுப்பான், நீங்கள் பார்க்கவில்லையென்றால் அப்படித்தான் நடக்கும்.

கான்கிரீட்டுக்கு முன்னால் பைப் வாயெல்லாம் டேப் சுற்றி அடைக்கணும். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிட்டால் அந்தப் பைப் அவ்வளவுதான். உள்ளே நைலான் கயிறு போட்டுவையுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், துரு பிடித்து பாதியில் அறும்.

ஏற்கெனவே போட்ட ரூஃபில் பைப் இல்லை என்பதால் கடையில் சுவர் வழியாகத்தான் வரணும். சுவரில் காடி நெட்டுக்குத்தாக வெட்டுங்கள். ஒன்பதங்குலச் சுவரோ நாலரையோ, படுக்கையாக நீளக் காடி வெட்டினால் சுவர் தாங்கும் பலம் குறையும். கடை என்பதால் சுவர் உச்சியில் கேசிங் கேப்பிங் ஓட்டினாலும் அசிங்கமில்லை. பிறகு மாற்றவும் சுலபம்.

வலைவாணி

நான் கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். கேட்5இ, 6, 6ஏ சண்டைக்கு வருகிறேன்.

ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு கேட்5இ 100 மீட்டரும் போதும். பொய்யில்லை. 1999இல் அந்த வேகத்துக்குத் தரம் எழுதியபோதே அதற்கு முந்தைய கேட்5 கேபிளை வைத்துத்தான் எழுதினார்கள். 2016இல் வந்த 2.5 ஜிகாபிட்டும் கேட்5இ மேல் ஓடும். கேட்6 என்றால் 250 மெகாஹெர்ட்ஸ், 10 ஜிகாபிட்டை 55 மீட்டர் வரை எடுத்துப்போகும், கேபிள்கள் நெருக்கமாகக் கட்டியிருந்தால் அதுவும் குறையும். கேட்6ஏ 500 மெகாஹெர்ட்ஸ், 10 ஜிகாபிட் முழு 100 மீட்டர். உங்கள் கட்டடத்தில் எந்த ஓட்டமும் 55ஐத் தாண்டாது. அப்புறம் எதற்குக் கேட்6ஏ? அது பருமன், வளையாது, நீங்கள் போடும் பாக்ஸுக்குள் சுருட்டி வைக்க இடம் போதாது. கேட்6, ஷீல்டு இல்லாதது, அதுதான் உங்களுக்கு.

ஷீல்டு விற்கிறவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார். ஷீல்டுக்கு ஜாக், பேட்ச் பேனல் (ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பலகை), ரேக் எல்லாம் ஷீல்டு வகையாக இருந்து, கடைசியில் ஒழுங்கான எர்த் வேண்டும். எர்த் இல்லாத ஷீல்டு, சுற்றியிருக்கும் இரைச்சலைப் பிடித்துக் கொடுக்கும் ஆன்டெனாவாக மாறக்கூடும். வெல்டிங் பட்டறை, லேத், பெரிய மோட்டார் வரிசை உள்ள இடத்தில் கேளுங்கள், நானும் சரி என்பேன். உரக்கடைக்கு வேண்டாம்.

சும்மா_படிக்கிறவன்

அக்கா, ஆன்லைனில் கேட்8 பேட்ச் கார்டு கேட்6 விலைக்கே கிடைக்கிறதே? அதையே வாங்கி சுவருக்குள் விட்டால்?

வலைவாணி

வாங்காதீர்கள். கேட்8 என்பது சர்வர் அறைக்குள் 30 மீட்டருக்குள் ஓடுவதற்காக எழுதின தரம். அந்த விலைக்கு வரும் தட்டை வயரில் உறையில் அச்சடித்திருப்பது மட்டும்தான் கேட்8. அதோடு பேட்ச் கார்டு உள்ளே பெரும்பாலும் பல மெல்லிய இழை சேர்ந்த கம்பி, சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி. இழைக் கம்பியை ஜாக்கில் பஞ்ச் அடித்தால் சரியாகப் பிடிக்காது.

குடந்தைக்காரன்

கேட்6 என்று முடிவானால் அடுத்த குழி சிசிஏ. அலுமினியக் கம்பி மேல் மெல்லிசாகச் செம்பு பூசியது. கடையில் "கேட்6 தான் சார், நல்லா ஓடும்" என்று பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஓடவும் செய்யும். ஆனால் மின்தடை கூட, வளைத்தால் ஒடியும், கேமராவுக்குக் கரண்ட் அனுப்பும்போது சூடாகும். அப்படிப்பட்ட கம்பி கேபிள் தரத்திலேயே சேராது.

பார்க்கிற வழி: ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பென்றால் செம்பு, வெள்ளியாகப் பளபளத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், கேட்6 பெட்டி ஒன்றில் செம்பு மட்டுமே ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கணும், ஒரு கையில் அலட்சியமாகத் தூக்கினால் சந்தேகப்படுங்கள்.

தஞ்சை_ரேக்

மல்டிமீட்டர் இருந்தால் சுரண்டவே வேண்டாம். பெட்டியைத் திறந்து கேபிளின் இரண்டு முனையையும் வெளியே எடுங்கள். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இரண்டையும் சேர்த்து முறுக்குங்கள், மறுமுனையில் அந்த ஜோடியை அளங்கள். தரப்படி ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓம் வரைதான் அனுமதி, அதனால் 305 மீட்டர் போய்த் திரும்பி வந்தால் 57 ஓமுக்குள் நிற்கணும். நல்ல கேட்6 நாற்பது சொச்சம் காட்டும். சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு கூடும். அறுபத்தைந்து எழுபது என்று போனால் அது செம்பு இல்லை. கடைக்காரர் முன்னாலேயே அளந்தால் பேச்சே கிடையாது.

பாமணிக்கரை

இது நல்ல வழி. குடோனுக்கு வருவோம். கேமரா நாலு, இருப்பு பார்க்கிற கம்ப்யூட்டர் ஒன்று. 70 மீட்டர்தானே, 100க்குள் வந்துவிட்டது, கேட்6 ஒன்றைத் தென்னை மரத்துக்கு மரம் கட்டி இழுத்துவிடலாம் என்று கேமரா ஆள் சொல்கிறார்.

நாகை_அலை

2018 நவம்பர் 16 அன்று நீங்கள் மன்னார்குடியில்தான் இருந்தீர்களா? கஜா புயலுக்கு எத்தனை தென்னை நின்றது என்று கேமரா ஆளிடம் கேளுங்கள். மரத்தில் கட்டின கேபிள், காற்றில் மரம் ஆடுகிற ஆட்டத்துக்கே ஜாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

அதைவிடப் பெரிய விஷயம் இடி. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் செம்பு போட்டால், பக்கத்தில் எங்காவது இடி விழும்போது இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது, அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் நெட் கேபிள் வழியாகப் பாயும். தென்னைமேல் இடி விழுவது நம்ம ஊரில் அதிசயமா? இரண்டு பக்க சுவிட்சும் போகும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் என்விஆர் போகும், பில்லிங் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். தூரத்துக்குக் கேட்6 போதும், இடிக்குப் போதாது. ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் போகாது.

தஞ்சை_ரேக்

ஆமாம், இதில் பேரமே பேசாதீர்கள். சிங்கிள் மோட் வகை ஃபைபர், நாலு கோர் (இழை) அல்லது ஆறு கோர். வேலைக்கு இரண்டு கோர் போதும், மீதி சும்மா கிடக்கட்டும். மல்டி மோட் கேட்க வேண்டாம், வீட்டுக்கு வீடு ஃபைபர் கனெக்ஷன் வந்தபிறகு சிங்கிள் மோட் சாமான்தான் மலிவு, இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷின் வைத்திருக்கும் ஆளும் உள்ளூரிலேயே கிடைப்பார். இரண்டு பக்கமும் ஃபைபர் வந்து முடிய ஒரு எல்ஐயூ பாக்ஸ், அதிலிருந்து பேட்ச் கார்டு, சுவிட்சில் ஃபைபரைச் சொருகும் எஸ்எஃப்பி. கனெக்டர் நிறத்தைப் பாருங்கள்: வீட்டு இணைய கனெக்ஷனுக்கு வருவது பச்சை, எஸ்எஃப்பிக்கு வேண்டியது நீலம். பச்சையை நீலத்தோடு சொருகினால் பொருந்தினாற்போல இருக்கும், வெளிச்சம் அந்த இணைப்பிலேயே வீணாகும்.

குடந்தைக்காரன்

ஆர்மர்டு ஃபைபர் போடச் சொல்லுங்கள், எலிக்கு அதுதான் சரி. அறுவடை முடிந்து வயல் காலியானால் அத்தனை எலியும் குடோனைத் தேடித்தான் வரும், அங்கே விதைநெல் வேறு. தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிக்க இப்போது ஆள் எங்கே இருக்கிறார்கள்?

நாகை_அலை

@குடந்தைக்காரன் அண்ணே, ஆர்மர் என்பது இரும்புத் தகடு. இடிக்குப் பயந்து செம்பை விட்டுவிட்டு இரும்பை இழுப்பதா? போடக்கூடாது என்று சொல்லவில்லை. போட்டால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அந்தத் தகட்டை வெட்டி எர்த்தோடு கட்டணும், ரேக் வரைக்கும் கொண்டுபோகக் கூடாது. பல பேர் அதைச் செய்வதில்லை. எனக்குக் கேட்டால், உலோகமே இல்லாத ஃபைபரை 40 எம்எம் எச்டிபிஇ குழாய்க்குள் போட்டு, குழாயின் இரண்டு வாயையும் இறுக்கி அடைப்பேன். வாய் அடைத்திருந்தால் எலியும் வராது, பாம்பும் வராது.

குடந்தைக்காரன்

எச்டிபிஇ குழாயையே கடிக்கும் எலியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எர்த் விஷயம் சரிதான், வாதம் செய்யவில்லை.

கொத்தனார்_மகன்

மன்னார்குடிப் பக்கம் மண் கனமான களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், தண்ணீர் வந்தால் உப்பும். பிவிசி பைப்பை ஜாயின்ட் போட்டுப் புதைத்தால் நாலைந்து கோடையில் ஜாயின்ட் எல்லாம் பிரிந்து நிற்கும். சுருளாக வரும் எச்டிபிஇ ஒரே துண்டாக 70 மீட்டர், நடுவில் ஜாயின்டே இல்லாமல் போடுங்கள். பள்ளம் இரண்டரை அடி, குழாயைச் சுற்றி ஆற்றுமணலோ எம்-சாண்டோ, மேலே ஒரு வரிசை செங்கல், அதற்கு மேல் மண். பிறகு யாராவது கன்று நட மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல் தட்டுப்படும். உர லாரி தாண்டும் இடத்தில் மட்டும் ஜிஐ பைப்புக்குள் விட்டு மேலே கான்கிரீட்.

வேலையை இப்போதே முடியுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தோப்பு மண் ஊறிவிடும், பள்ளம் வெட்ட வெட்ட ஊற்று வரும். எப்படியும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற வெளி உபயோகக் கேபிளாக வாங்குங்கள்.

வலைவாணி

குடோன் பக்கச் சுவிட்சை மூட்டைக்கு எட்டாத உயரத்தில், ரப்பர் வைத்து மூடுகிற பெட்டிக்குள் வையுங்கள். காற்றோட்டத்துக்கு என்று அந்தப் பெட்டியில் துளை போட்டுவிடாதீர்கள், தூசி அதன் வழியாகத்தான் வரும். ஃபேன் இல்லாத சின்னச் சுவிட்ச் அந்தச் சூட்டைத் தாங்குகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, ஆடிட்டரிடம் பேசினீர்களா? தன் ஆபீஸ் கேபிள் எல்லாம் வீட்டுக்காரர் ரேக்கில் வந்து முடிவதை அவர் ஒப்புக்கொள்வாரா? வாடிக்கையாளர் கணக்கெல்லாம் அவரிடம் இருக்கிறது. அவர் பதினெட்டு ஓட்டமும் அவர் ஆபீசுக்குள்ளேயே ஒரு சின்ன 6யூ ரேக்கில் முடியட்டும், பூட்டு அவர் கையில். இணைய கனெக்ஷனும் அவர் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் ரேக்குக்கும் அவர் ரேக்குக்கும் நடுவில் ஒரு காலிப் பைப் மட்டும் விட்டுவையுங்கள். நாளைக்கு அவர் காலிசெய்து வேறு ஒருவர் வந்தாலும் உங்கள் பக்கம் எதையும் தொடவேண்டியதில்லை.

தஞ்சை_ரேக்

ஒரே ரேக்கில் சுவிட்சில் விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்தால் போதும் என்று சொல்ல வந்தேன். ஆனால் வாடகைக்காரர் என்கிறபோது அக்கா சொல்வதுதான் சரி. விலானை நாளைக்கு யாராவது தெரியாமல் மாற்றிவிட முடியும், பூட்டை முடியாது.

அப்படியானால் உங்கள் ரேக்கில் பதினெட்டு ஓட்டம், 24 போர்ட் பேனல் ஒன்று. கேமரா எட்டுக்குத் தலா 8 வாட் வைத்தால் 64. ஆக்சஸ் பாயின்ட் இரண்டுக்கு 30. மொத்தம் தொண்ணூற்று நாலு, அதனால் பிஓஇ சுவிட்ச் (நெட் வயரிலேயே கரண்ட் அனுப்புவது) 120 வாட்டாவது கொடுக்கிறதா என்று பாருங்கள். பெட்டி மேல் "16 போர்ட் பிஓஇ" என்று பெரிதாகவும், மொத்த வாட் எவ்வளவு என்பது மூலையில் பொடி எழுத்திலும் இருக்கும். பகலில் எல்லாம் ஓடும், இரவு கேமராவில் ஐஆர் விளக்கு எரிந்ததும் ஒவ்வொன்றாக அணையும், அது இந்தக் கணக்கு தப்பினதால்தான்.

ஆக்சஸ் பாயின்ட் கடையில் ஒன்று அவசியம். மானிய உரத்துக்கு பிஓஎஸ் மிஷினில் கைரேகை வைக்கிறீர்கள், சம்பா நேரத்துக் கூட்டத்தில் சிம் சிக்னலை மட்டும் நம்பி நிற்கவேண்டாம்.

பாமணிக்கரை

ஆடிட்டரிடம் பேசிவிட்டேன், தனி ரேக் என்றதும் அவரே கூடுதலாகச் சந்தோஷப்பட்டார். வேலை முடிந்தபின் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? எட்டு விளக்கு எரிகிற டப்பாவைச் சொருகி "பாருங்க சார், எல்லாம் எரியுது" என்று காட்டுவார்களே, அது போதுமா?

வலைவாணி

போதாது. அந்த டப்பா ஒன்றாம் கம்பி ஒன்றாம் கம்பிக்குப் போகிறதா என்று மட்டும் சொல்லும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆள் வண்ண வரிசை தெரியாமல் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடித்து, இரண்டு பக்கமும் அதே மாதிரி அடித்திருந்தால் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும். அவர் அடித்ததில் மூன்றாவது பச்சை ஜோடியில், ஆறாவது நீல ஜோடியில். சின்ன ஓட்டத்தில் ஏதோ நகரும், நீளம் கூடினால் விட்டு விட்டு வரும், யாருக்கும் காரணம் புரியாது.

சரியான வரிசை, பி முறையில்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஏ முறை தப்பில்லை, ஆனால் கட்டடம் முழுக்க ஒன்றே இருக்கணும்.

உங்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பை ஒவ்வொரு பாயின்டிலும் சொருகி லிங்க் வேகம் பாருங்கள். 1000 வரவேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் ஏதோ ஒரு ஜோடி பிடிக்கவில்லை. 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நாலும் வேண்டும். ஒரு ஜாக்கையாவது கழற்றிப் பாருங்கள். முறுக்கைப் பிரித்தது அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளித்தோலை இரண்டு அங்குலத்துக்கு உரித்துவிட்டு கம்பிகள் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தால் மற்ற எல்லா ஜாக்கையும் அதே கைதான் அடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

குடந்தைக்காரன்

பெயின்ட் வேலை முடிந்தபிறகு ஜாக் அடிக்கச் சொல்லுங்கள். முன்னாலேயே அடித்தால் பட்டி பார்ப்பவர் எல்லா ஓட்டையையும் அன்போடு அடைத்துவிடுவார்.

தஞ்சை_ரேக்

பணம் கொடுக்கிறவர் நீங்கள், கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முழுச் செம்பு கேட்6, மேலே சொன்ன ஓம் அளவு கடையில் காட்டவேண்டும். சுவருக்குள் போகும் கேபிள் ஒரு பக்கம் சுவர் பாக்ஸில் கீஸ்டோன் ஜாக், மறுபக்கம் பேட்ச் பேனல். நேராக ஆர்ஜே45 பிளக் க்ரிம்ப் அடிப்பது வெளி கேமராவுக்கு மட்டும். ரேக்கில் மூன்று மீட்டர் மிச்சம், பாக்ஸில் ஓர் அடி மிச்சம். பத்து கிலோ இழுவைக்கு மேல் இழுக்கக்கூடாது, சிக்கினால் பின்னால் தள்ளி எடுக்கணும். இரண்டு முனையிலும் ஒரே எண், இழுக்கும் முன்பே மார்க்கரால் எழுதணும், முடிந்தபின் லேபிள். கேபிள் தரத்துக்குள் நிற்கிறதா என்று அளக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரிப்போர்ட் பிரின்ட் எடுத்துக் கொடுத்தபின் கடைசித் தவணை. இதைச் சொன்னதும் ஒருவர் பின்வாங்கினால் அவரை விட்டுவிடுங்கள்.

ஃபைபருக்கும் அதே மாதிரி, பவர் மீட்டரில் எல்லா கோரையும் அளந்து எழுதிக் கொடுக்கணும், சும்மா கிடக்கிற கோரையும் சேர்த்து.

பாமணிக்கரை

எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேருக்குமே அனுப்பினேன். மூன்று மடங்கு சொன்னவர் ஷீல்டை எடுத்துவிட்டு, கேட்6 போட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டோடு புதுத் தொகை கொடுத்திருக்கிறார், பரவாயில்லை. மற்றவர் இன்னும் பதில் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் தனிப் பைப்புக்குச் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமை கான்கிரீட். அதற்கு முன் வேறு ஏதாவது உண்டா?

கொத்தனார்_மகன்

புதன்கிழமை சாயங்காலம் கம்பி கட்டி முடிந்ததும் மேலே ஏறி, பைப் போகும் வழி முழுக்க டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரியணும். பின்னால் ஃபேன் கொக்கிக்கோ ஃபால்ஸ் சீலிங்குக்கோ துளை போடுகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டாமல் டிரில்லைக் கையில் கொடுக்காதீர்கள். கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் பிடிப்பவரிடம் பைப் வாய் இருக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்லிவிடுங்கள், மறுநாளே கயிறு ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

பாமணிக்கரை

சரிங்க. படத்தை இங்கேயும் போடுகிறேன், திருப்பம் ஏதாவது தப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கு முன்னால் சொல்லுங்கள்.